ஒற்றரும் வரலாறும்

செங்கற்பட்டையடுத்த வல்லத்தில் பாறையைக் குடைந்தமைத்த கோயில் ஒன்று உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் அங்குக் கல்லிற் பொறிக்கப்பெற்றுள்ளன. கிழக்கே கடற்கரையை அடைந்தால், அவன் மைந்தன் நரசிம்மவர்மனாகிய மாமல்லனின் பெயர் தாங்கிய மாமல்லபுரம் தோன்றும். கல் மன்னரின் பெயரைக் கூறும். அவர் எதனை எண்ணினர், எதற்கு அஞ்சினர் என்பதைக் கூறாது. அவ்விடத்தைக் கற்பனையால் நிரப்புவதே வரலாற்றுப் புதினம்.

கல்கி (1899–1954) மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாருடன் நிலவொளியில் அமர்ந்திருந்தபோது உள்ளத்தில் முளைத்த கதையே ‘சிவகாமியின் சபதம்’. 1944ஆம் ஆண்டு முதல் ‘கல்கி’ இதழில் தொடர்கதையாக வெளிவந்த இந்நூலைப் படிப்போரைப் பெரிதும் கவர்வது அதில் வரும் ஒற்றர் செயலாகும்.

அஜந்தா வண்ணத்தின் மறைபொருளை அறிய விழைந்த ஆயனச் சிற்பியின் பொருட்டு, இளைஞன் பரஞ்சோதி ஓர் ஓலையுடன் வடதிசை செல்கிறான். அதனை எழுதித் தந்தவர் நாகநந்தி என்னும் துறவி. உண்மையில் அவர் பகைவரின் ஒற்றர். ஓலையோ புலிகேசிக்கு உரியது. வழியில் வஜ்ரபாகு என்னும் வீரன் துணையாகி, பரஞ்சோதி உறங்கும்போது ஓலையை மாற்றிவிடுகிறான். அவ்வீரன் மாறுவேடம் பூண்ட மகேந்திரனே! ‘மத்தவிலாசம்’ என்னும் நகைச்சுவை நாடகத்தை இயற்றிய மன்னன் வேடம் புனைவது நமக்கு வியப்பாகத் தோன்றுவதில்லை.

இத்தகைய கதைகள் நம்மை ஈர்ப்பது எதனால்? போர்க்களத்தில் பகைவன் கண்ணெதிரே நிற்கிறான். ஒற்றனோ நண்பன் உருவில் அருகே அமர்கிறான். யாரை நம்புவது என்னும் வினா கதைமாந்தரை வருத்துவது போலவே படிப்போரையும் வருத்துகிறது. நாமும் சொல்லையும் முகக்குறிப்பையும் ஆராயத் தொடங்குகிறோம். மேலும், ஒரு நாட்டின் வாழ்வு எளியவன் ஒருவன் கையிலுள்ள ஓலையைச் சார்ந்திருத்தல் நெஞ்சை நடுங்கச் செய்கிறது.

எனினும், சுவையில் மயங்கிக் கற்பனையை வரலாறாகக் கொள்ளுதல் தவறு. நாகநந்தியும் சிவகாமியும் புலவர் படைத்த மாந்தர். புலிகேசியும் பரஞ்சோதியும் வரலாற்றில் வாழ்ந்தவர். கல்வெட்டையும் அப்படியே ஏற்றலாகாது. 634ஆம் ஆண்டின் ஐகோளேக் கல்வெட்டு, பல்லவர் கோன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்று புலிகேசியைப் புகழ்கிறது. கூரம் செப்பேடோ, தாம்பரத்தையடுத்த மணிமங்கலம் முதலிய களங்களில் புலிகேசி புறங்காட்டினான் என்று நரசிம்மனைப் புகழ்கிறது.

இங்கு வழிகாட்டுபவர் வள்ளுவரே. ‘ஒற்றாடல்’ என்னும் அதிகாரத்தில் அவர், ஒற்றர் ஒருவரையொருவர் அறியாவாறு ஆண்டு, மூவர் சொல் ஒத்தவிடத்துத் தெளிக என்கிறார். வாதாபி வீழ்ந்த செய்தியில் அவ்வொற்றுமை உண்டு. கூரம் செப்பேடு அதனைக் கூறுகிறது; வாதாபிப் பாறையிலேயே நரசிம்மனின் கல்வெட்டு நிற்கிறது; பரஞ்சோதியாகிய சிறுத்தொண்டர் அந்நகரை வென்றதைப் பெரியபுராணம் உரைக்கிறது. ஆதலின் 642ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த அவ்வெற்றியை ஐயமின்றிக் கொள்கிறோம்.

மன்னன் ஒற்றர் சொல்லை ஆராய்ந்ததுபோல் மாணவரும் தாம் படிப்பனவற்றை ஆராய்தல் வேண்டும். கதை ஆவலை எழுப்பும். ஆராய்ச்சி உண்மையைத் தரும். இரண்டும் உடையவனுக்கே வல்லத்துக் கல்லும் மாமல்லபுரத்துக் கடலும் வாய்திறந்து பேசும்.