வேம்பு யாருக்குச் சொந்தம்?

வேப்பங்கொட்டையை இடித்து, துணியில் கட்டி ஊறவைத்து, வடிகட்டித் தெளிப்பது நமக்குப் புதுசு இல்லை. கம்பெனிகளும் இதே வேம்பிலிருந்து மருந்து செய்கின்றன. இயற்கையிடம் கற்பது தப்பா? இல்லை. கற்றதை 'என் கண்டுபிடிப்பு' என்று வேலி போடும்போதுதான் வழக்கு வருகிறது.

பயிரில் வரும் பூஞ்சாண நோயை வேப்பெண்ணெய்ச் சாற்றால் கட்டுப்படுத்தும் முறைக்கு, 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் காப்புரிமை கொடுத்தது. வாங்கியவர்கள் அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனியும். அடுத்த ஆண்டே வந்தனா சிவா, மக்தா ஆல்வோட், சர்வதேச இயற்கை வேளாண் கூட்டமைப்பு மூவரும் எதிர்ப்பு மனு போட்டார்கள். இங்கே ஏற்கெனவே அந்தச் சாற்றைத் தயாரித்துவந்த ஓர் ஆலைக்காரர் நேரில் போய்ச் சாட்சி சொன்னார். 2000 மே 10 அன்று காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடி ஆனது.

ஜெயித்தோம். ஆனால் பத்து வருஷம் ஆச்சு. 'எங்க தாத்தா காலத்துலேருந்து செய்யறோம்' என்பது உண்மைதான். வழக்கு மன்றத்தில் அதற்குச் சான்று வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. கேரளத்தின் காணி பழங்குடியினர் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தது. கோவை ஆர்ய வைத்திய மருந்தகம் கொடுத்த உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என முடிவானது. பங்கு போதுமா என்று கேட்கலாம். கேட்க ஓர் ஒப்பந்தமாவது இருந்தது.

நம் கையில் உள்ள சட்டங்கள்:

1. காப்புரிமைச் சட்டம், பிரிவு 3: செடி, விதை, வேளாண் முறை, மரபறிவு ஆகியவற்றுக்குக் காப்புரிமை கிடையாது.

2. பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், 2001: விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, விற்க உழவருக்கு உரிமை உண்டு. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயரிட்டு விற்கத்தான் கூடாது.

3. உயிரியல் பன்மைச் சட்டம், 2002: நம் உயிர்வளத்தையோ அதுபற்றிய அறிவையோ வெளிநாட்டுக் கம்பெனி எடுக்க, தேசிய ஆணையத்தின் அனுமதி வேண்டும். உள்ளாட்சியில் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும்.

அந்த ஆணையம் இருப்பது தரமணியில். நாவலூரிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் வடக்கே போனால் வந்துவிடும். நாவலூர்ப் பக்கம் வயல் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடி. எந்த இலை எந்தப் பூச்சிக்கு என்று தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களோடு அந்த அறிவும் போனால், நாளைக்கு யார் உரிமை கொண்டாடினாலும் மறுக்கச் சான்று இருக்காது.

இந்த மாத வேலை: உங்கள் ஊராட்சியில் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் ரகம், செய்முறை, சொல்லிக்கொடுத்தவர் பெயர், தேதி எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். எதை வெளியில் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை ஊர் கூடி முடிவெடுத்த பிறகே பதிவேட்டில் ஏற்றுங்கள்.