தொண்டைக்குள்ள குழாயா? பயம் வேண்டாம்!



நம்ம குழு அக்கா ஒருவருக்கு ஒரு மாதமாகக் குரல் கம்மியிருந்தது. டாக்டர் எண்டோஸ்கோப்பி பார்க்கணும் என்றதும், "குழாய் விடுவாங்களாமே, நான் வரல" என்று மறுத்துவிட்டார். நாங்கள் இரண்டு பேர் துணைக்குப் போனோம். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. குரல் நாணில் சின்ன வீக்கம்தான்.

எப்படிச் செய்வார்கள்?
வயிற்றுக்குள் விடும் குழாய் வேறு, இது வேறு. 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனமுள்ள, வளையும் குழாய். நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும். உட்கார வைத்து, மரத்துப்போகும் மருந்தை அடித்துவிட்டு, மூக்கு வழியாக விடுவார்கள். தொண்டை கசக்கும், கண் கலங்கும், தும்மலும் வரலாம். மூச்சை அடக்காமல் சீராக விடுங்கள்.

முன்கூட்டியே சொல்லுங்கள்:
* ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் (நாமாக நிறுத்தக் கூடாது)
* அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்தால்
* பல் பிடுங்கும்போது போட்ட மரப்பு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால்

முடிந்த பிறகு:
மரப்பு போகும்வரை, சுமார் ஒரு மணி நேரம், காபி, தண்ணீர்கூட வேண்டாம், புரையேறும். ரத்தம் நிற்காவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, கழுத்தில் கட்டி தெரிந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். புகையிலை போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குரல்வளைப் புற்றுநோயைக்கூட ஆரம்பத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணமாக்கலாம்.

தனியாகப் போகப் பயந்தால் குழுவில் சொல்லுங்கள். துணைக்கு நாங்கள் வருகிறோம்.