பள்ளிக்கு எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?

பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் தொலைநோக்கி வருகிறது. கரும்பலகையில் கதிர்ப்படம் வரைந்து, பொருளருகு லென்சு, கண்ணருகு லென்சு என்று பெயர் குறித்துப் பாடத்தை முடிக்கிறோம். முன்னாள் மாணவர்களோ பள்ளி மேலாண்மைக் குழுவோ உண்மையான கருவி ஒன்றை வாங்கித் தர முன்வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. "கண்ணால பார்க்கவும் ஆகணும், போட்டோவும் எடுக்கணும். எது வாங்கலாம் சார்?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டையும் ஒன்றுபோல நன்றாகச் செய்யும் கருவி பள்ளியின் பணத்துக்குள் கிடைக்காது.

பெரிய ஆய்வு நிலையங்களிலும் வேலைக்கு ஏற்பவே கருவி இருக்கிறது. தேவிகாபுரத்துக்கு மேற்கே, போளூரைத் தாண்டி எழும் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையம் உள்ளது. அங்கே 1972 முதல் 1 மீட்டர் தொலைநோக்கியும், 1986 முதல் வைணு பாப்பு பெயரிலுள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இயங்குகின்றன. அங்குள்ள ஷ்மிட் வகைத் தொலைநோக்கி இவற்றிலிருந்து வேறுபட்டது. அது வானத்தின் அகன்ற பரப்பைப் படம்பிடிக்கவே அமைந்த ஒரு பெரிய கேமரா. குவியம் குழாய்க்குள்ளேயே விழுவதால் கண்ணை வைத்துப் பார்க்க அதில் இடமில்லை. 1988 பிப்ரவரி 17 அன்று இராஜமோகன் காவலூரில் கண்டுபிடித்த 4130 ஆம் எண் சிறுகோளுக்கு 'இராமானுஜன்' என்று பெயர். அத்தகைய மங்கலான புள்ளி படத்தில்தான் சிக்கும்.

கண்ணுக்கும் கேமராவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். கண்ணால் ஒளியைச் சேமித்து வைக்க முடியாது. அந்த நொடியில் வந்து விழுவதை மட்டுமே பார்க்கும். ஆகவே பார்ப்பதற்கு ஆடியின் விட்டம்தான் முக்கியம். 70 மி.மீ. கருவியைவிட 150 மி.மீ. கருவி ஏறத்தாழ நான்கரை மடங்கு ஒளியைத் திரட்டும். விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஒளி கூடுகிறது என்பதை மாணவர்களையே கணக்கிடச் சொல்லலாம். கேமராவோ நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும். அதனால் சிறிய குழாயே அதற்குப் போதும். ஆனால் அத்தனை நிமிடமும் குழாய் விண்மீனைப் பிசகாமல் பின்தொடர வேண்டும்.

அங்கேதான் பணம் போகிறது. வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நிலவு இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும். இதைப் பின்தொடர, ஓர் அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்த்து, மோட்டார் வைத்துச் சுழற்றும் தாங்கி வேண்டும். படம் எடுப்பவர்கள் குழாயைவிடத் தாங்கிக்கே அதிகம் செலவழிப்பார்கள். தறியின் கால் ஆடினால் பட்டு எத்தனை உயர்ந்ததானாலும் நெசவு கெடும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே தெரியும். கடைகளில் 'படமும் எடுக்கலாம்' என்று விற்கும் மலிவுக் கருவிகளின் முக்காலியைத் தொட்டுப் பாருங்கள். விரல் பட்டதும் நிலவு குதிக்கும். பெட்டியில் '600 மடங்கு' என்று அச்சிட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். மி.மீ. விட்டத்துக்கு இரண்டு மடங்கு என்பதே பயன்படும் எல்லை. 70 மி.மீ. என்றால் 140 மடங்கு, அதுவும் நல்ல வானத்தில்தான்.

என் தெரிவு கண்ணின் பக்கம். 150 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட டாப்சோனியன் வகை எதிரொளிப்புத் தொலைநோக்கி பள்ளிக்குப் பொருந்தும். சான் பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் வழிப்போக்கர்களுக்கு நிலவைக் காட்டிய ஜான் டாப்சன் பரப்பிய எளிய வடிவம் இது. தரையில் உட்காரும் மரப்பெட்டிதான் தாங்கி. மோட்டார் கிடையாது, கையால் தள்ளித் திருப்பலாம். ஒரு மாலையில் நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள் என்று வையுங்கள். படம் எடுக்கும் அமைப்பில் ஆசிரியர் கணினியுடன் போராடுவார், பிள்ளைகள் திரையைப் பார்ப்பார்கள். அந்தத் திரைப்படம் கைப்பேசியிலேயே கிடைக்கும். சனியின் வளையத்தைத் தன் கண்ணால் பார்ப்பது அப்படிக் கிடைக்காது.

வரிசைக்கு 25 மி.மீ. கண்ணருகு லென்சைப் போடுங்கள். 48 மடங்குதான், ஆனால் நான்கு நிமிடம் வரை கோள் பார்வைக்குள் நிற்கும். 10 மி.மீ. லென்சில் (120 மடங்கு) ஒன்றரை நிமிடத்திலேயே ஓடிவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நீங்களே திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். ஓரியன் நெபுலா படங்களில் சிவப்பாக இருக்கும், கண்ணுக்குச் சாம்பல் நிறத்தில்தான் தெரியும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். மங்கிய ஒளியில் நிறமறியும் கூம்பு செல்கள் வேலை செய்யாது. உயிரியல் பாடத்தையும் அங்கேயே தொட்டுவிடலாம்.

இந்தக் கருவியில் படமே எடுக்க முடியாது என்பதில்லை. கைப்பேசியைக் கண்ணருகு லென்சோடு பிணைக்கும் சிறு பிடிப்பான் வாங்கினால் நிலவின் குழிகள் நன்றாகப் பதியும். வியாழனைச் சற்று அதிக ஒளியுடன் எடுத்தால் நான்கு பெரிய நிலவுகளும் புள்ளிகளாக விழும். தெளிந்த இரவுகளில் தொடர்ந்து எடுத்து, வரைபடத்தாளில் இடம் குறித்தால், அயோ ஏறத்தாழ 1.77 நாளில் சுற்றிவருவதை ஒன்பதாம் வகுப்பே கண்டுகொள்ளும். பெரிய கேமராவைப் பொருத்த விரும்புவோர் கடைக்காரரிடம் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். பல டாப்சோனியன்களில் குவியம் குழாய்க்கு வெளியே போதுமான தூரம் வருவதில்லை. லென்சு கழற்றிய கேமராவில் பிம்பம் தெளியாது.

சூரியன் பக்கம் திருப்புவதானால் குழாயின் முன்வாயில் அதற்கென்றே செய்த வடிகட்டி இருந்தே ஆக வேண்டும். இல்லையெனில் பகலில் கருவியைப் பூட்டியே வையுங்கள்.

அடுத்த ஆண்டு மீண்டும் பணம் வந்து, விண்மீன் கூட்டங்களைப் படமெடுக்க ஆசைப்பட்டால், இன்னும் பெரிய குழாய் வாங்காதீர்கள். 70 அல்லது 80 மி.மீ. ஒளிவிலகல் தொலைநோக்கியும் உறுதியான மோட்டார் தாங்கியும் போதும். தேவிகாபுரத்தின் அட்சரேகை ஏறத்தாழ 12½ டிகிரி. துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும். வடக்கே மரமோ கட்டடமோ இருந்தால் மறைந்துவிடும். குளிர்நாடுகளை மனத்தில் வைத்துச் செய்த தாங்கிகள் சில அவ்வளவு தாழ்வாகச் சாயாது. சாய்ந்தாலும் எதிர் எடை முக்காலியின் காலில் இடிக்கும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே அச்சை 12 டிகிரிக்கு இறக்கி, முழுச் சுற்றும் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.