தொழிலும் உயிர்ச்சத்தும்

உடலுழைப்பால் வாழ்வார்க்கு உடலே முதற்பொருள். அம்முதலில் குறைவு நேருமாயின் அவர்தம் வாழ்க்கை வாணிகம் முழுவதும் நட்டத்தில் முடியும். இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களில் தோல் பதனிட்டும் காலணி செய்தும் வாழும் பல்லாயிரவர் இவ்வுண்மையை நம்மினும் நன்கு உணர்ந்தவர். அவர்தம் கவலையை அறிந்தே, விற்பனையாளர் சிலர், இன்ன தொழிலுக்கு இன்ன மாத்திரை என வகுத்து, வண்ணப் புட்டிகளில் உயிர்ச்சத்துகளை விற்று வருகின்றனர். இப்பாகுபாடு அறிவியலுக்குப் பொருந்துமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

எம்மை இவ்வாராய்ச்சியிற் புகுத்தியது எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்று. எம் சிற்றன்னையார் ஆம்பூரை அடுத்த காலணித் தொழிற்சாலை ஒன்றில் தையற்பகுதியிற் பணிபுரிபவர். சென்ற ஆண்டு அவர்க்குப் படியேறினால் மூச்சிரைத்தது. மாலையில் தலை சுற்றியது. வீடுதோறும் வந்து விற்பார் ஒருவர், தோல் தொழிலாளர்க்கென்றே செய்தது என்று கூறி, 600 ரூபாய் விலையுள்ள புட்டி ஒன்றை அவர்க்கு விற்றார். "சித்தி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா?" என்று வினவினோம். "எல்லாச் சத்தும் இருக்கிறதாம் தம்பி, நம் வேலைக்கு ஏற்றதாம்" என்றார். நான்கு மாதம் நான்கு புட்டிகள் தீர்ந்தன, மயக்கம் தீரவில்லை. பின்னர் அரசு மருத்துவமனையிற் குருதியைச் சோதித்தபோது, இரும்புச்சத்துக் குறைவால் வந்த இரத்தசோகை என்பது தெரிந்தது. அப்புட்டியின் மேற்சீட்டை அன்றுதான் யாம் ஊன்றிப் படித்தோம். உயிர்ச்சத்துகள் பல இருந்தன. அவர்க்கு வேண்டிய இரும்பு மட்டும் இல்லை.

தமிழில் முன்னர் ஜீவசத்து என்றும் பின்னர் உயிர்ச்சத்து என்றும் வழங்கப்பெற்ற வைட்டமின்களின் வரலாறு, உண்மையில் தொழிலாளரிடமிருந்தே தொடங்குகின்றது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் பிரித்தானியக் கப்பற்படை மருத்துவர், ஸ்கர்வி நோயுற்ற மாலுமியர் 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். 1795 முதல் அப்படையினர்க்கு எலுமிச்சைச்சாறு வழங்கப்படலாயிற்று. மாலுமியர்க்கு நோய் வந்தது பாய்மரம் ஏற்றியதனாலன்று. மாதக்கணக்காகப் பசுங்காயும் பழமும் காணாமையாலேயாம். தொழில் உணவைக் கெடுத்தது. உணவின் குறைவு உடலைக் கெடுத்தது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. 1928இல் இந்தியாவிற்கு வந்த லூசி வில்ஸ் என்னும் பெண் மருத்துவர், பம்பாய் நெசவாலைகளிற் பணிபுரிந்த கருவுற்ற மகளிரை வருத்திய ஒருவகை இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்டுச் சாறு அதனை நீக்குவதை 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் மறைந்திருந்த பொருளே ஃபோலிக் அமிலம். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் தலைமையில் 1945இல் அது செயற்கையாக ஆக்கப்பட்டது. ஆங்கும் நோய்க்குக் காரணம் தறியன்று. வறுமை மிக்க உணவும் கருப்பமுமேயாம்.

அங்ஙனமாயின் தொழிலுக்கும் உயிர்ச்சத்துத் தேவைக்கும் தொடர்பே இல்லையோ எனின், உண்டு. மாவுப்பொருளை ஆற்றலாக மாற்றுதற்குத் தயமின் என்னும் பி1 உதவுகின்றது. ஆற்றல் மிகுதியாகச் செலவாகுங்கால் அதன் தேவையும் மிகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி, அமர்ந்து வேலை செய்யும் ஆடவனுக்கு நாள் ஒன்றுக்கு 2110 கலோரியும் 1.4 மில்லிகிராம் தயமினும் வேண்டும். கடும் உழைப்பாளிக்கோ 3470 கலோரியும் 2.3 மில்லிகிராமும் வேண்டும். ஊறற்குழியினின்று நீர் சொட்டும் தோல்களைத் தூக்கிச் சுமப்பவர் இவ்விரண்டாம் வகையினர். ஆயின், சி உயிர்ச்சத்து இருவர்க்கும் 80 மில்லிகிராமே. மேலும், கடும் உழைப்பாளி பசிக்கேற்ப மிகுதியாக உண்பான்; அவ்வுணவு தீட்டப்படாத தானியமோ புழுங்கலரிசியோ பருப்போ ஆயின், கூடுதற் பி1 அதனோடேயே வந்து சேரும். நெல்லைப் புழுக்குங்கால் தவிட்டிலுள்ள தயமின் அரிசியினுள் ஊடுருவுகின்றது என்பது ஆராய்ச்சி கண்ட உண்மை. நம் பாட்டியர் கைப்பழக்கத்தால் அதன் பயனை முன்னரே பெற்றிருந்தனர்.

மற்றொரு தொடர்பு கதிரவன் ஒளியால் வருவது. டி உயிர்ச்சத்து வெயில் தோலிற் படுதலால் உடலிலேயே உண்டாவது. காலை முதல் மாலை வரை கூரையின்கீழ்த் தையற்பொறியின் முன் அமர்ந்திருப்பார்க்கு அது குறைய இடமுண்டு. கண்ணாடிச் சாளரத்தின்வழி வரும் வெயிலும் இதற்குப் பயன்படாது. ஆண்டு முழுவதும் வெயில் காயும் வேலூரில் வெயிலின் சத்துக் குறைவது வியப்பே!

இனித் தோல் தொழிலுக்கே உரிய தீங்குகளைக் காண்போம். முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். பின்னர்க் குரோமிய உப்பு மிகுதியாகப் புகுந்தது. குரோமியத்திற்கு மூவிணைதிறன், அறுவிணைதிறன் என இருநிலைகள் உண்டு. பதனிடும் உருளையில் இடப்படுவது மூவிணைதிறனுடையது, தீங்கு குறைந்தது. அறுவிணைதிறனுடையதோ தோலைப் புண்ணாக்கும். மூக்கின் நடுச்சுவரைத் துளைக்கும். மூச்சின்வழிப் புகின் நுரையீரற் புற்றையும் விளைக்கும். சி உயிர்ச்சத்து அறுவிணைதிறக் குரோமியத்தை மூவிணைதிறனுடையதாக மாற்ற வல்லது என்பது வேதியியல் உண்மை. இவ்வொன்றைக் கொண்டே, சி மாத்திரை விழுங்கினார்க்குக் குரோமியம் தீங்கு செய்யாது எனக் கூறுதல் பொருந்தாது. சோதனைக்குழாயில் நிகழ்வது வேறு. தூசு படியும் நுரையீரலில் நிகழ்வது வேறு. கழிவுநீர்த் தொட்டியில் எழும் ஹைடிரஜன் சல்பைடு நச்சுவாயுவோ நொடிப்பொழுதில் உயிரைக் கவர்வது. அதற்கு மாற்று மாத்திரை யாதும் இல்லை. காற்றைச் சோதித்தலும் உயிர்க்காப்புக் கவசமின்றி இறங்காமையுமே காப்பு.

காலணி ஒட்டும் பசையிலும் ஓர் இடர் உண்டு. சில பசைகளிற் கலக்கும் எக்சேன் என்னும் கரைப்பான் நரம்பைக் கெடுத்துக் கைகால்களை மரக்கச் செய்யும். ஜப்பான், இத்தாலி நாடுகளின் காலணித் தொழிலாளரிடையே இது கண்டறியப்பட்டது. பி12 குறைவாலும் இதே மரமரப்பு வரும். காரணம் அறியாது பி12 மாத்திரை உண்டு, அப்பசையின் ஆவியிலேயே நாடோறும் அமர்ந்திருப்பவன், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவானை ஒப்பான்.

பயனில்லையேனும் தீங்கில்லையே எனக் கருதுவாரும் உளர். அவர் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைக் கேட்டல் வேண்டும். புகைபிடிப்போரும் கல்நார்த் தொழிலாளருமாக 18,314 பேரைக் கொண்டு, பீட்டா கரோட்டினும் ஏ உயிர்ச்சத்தும் நுரையீரற் புற்றைத் தடுக்குமா என ஆராய்ந்தனர். தொழிலின் தீங்கிற்கேற்ப உயிர்ச்சத்து வழங்கும் முயற்சியே அதுவும். முடிவோ மாறாயிற்று: மாத்திரை உண்டாரிடம் அப்புற்று 28 விழுக்காடு மிகுந்தது. 1996 சனவரியில், குறித்த காலத்திற்கு முன்னரே அவ்வாராய்ச்சியின் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. நல்லெண்ணத்தோடு அறிஞர் கொடுத்ததே இங்ஙனமாயின், வாயிலில் வந்து விற்பார் தருவதை என்னென்பது?

ஆயின் மாத்திரை முழுவதும் வேண்டா என்பது எம் கருத்தன்று. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 அகவை வரையுள்ள மகளிருள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோராகக் காணப்பட்டனர். குறை இன்னதென்று சோதித்தறிந்து மருத்துவர் தரும் மாத்திரை அமிழ்தமேயாம். எம் சிற்றன்னையார்க்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை விலையின்றிக் கிடைத்தது. மூன்று திங்களில் மூச்சிரைப்பு நீங்கினார்.

அம்மருத்துவர் மற்றொன்றும் கூறினார்: சாப்பிட்டவுடன் தேநீர் பருகவேண்டா என்பது அது. காரணத்தை நூல்களில் தேடியபோது யாம் வியந்தோம். ஆவாரம்பட்டையின் துவர்ப்பொருளுக்கு இனமானவையே தேயிலையின் துவர்ப்பொருள்களும். பட்டையின் துவர் தோலின் புரதத்தைப் பற்றிக்கொள்வது போன்று, தேயிலையின் துவர் உணவிலுள்ள இரும்பைப் பற்றிக் குடலில் உறிஞ்சப்படாமற் செய்கின்றது. எலுமிச்சை, கொய்யா, நெல்லி ஆகியவற்றின் சி உயிர்ச்சத்தோ அவ்விரும்பை உடல் ஏற்க உதவுகின்றது. ஆட்டின் தோல் பதனிடச் செல்கின்றது. அவ்வாட்டின் ஈரலிலோ இரும்பும் ஃபோலேட்டும் பி12உம் ஏ உயிர்ச்சத்தும் ஒருங்கே உள்ளன. புலால் உண்ணாதார்க்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, பால் ஆகியன உண்டு. 600 ரூபாய்க்கு இவற்றுள் எத்துணை வாங்கலாம் என்பதை நம் தாய்மார் கணக்கிட வல்லவர்.

வேறொன்றும் சிந்தித்தற்குரியது. பாலாற்று மாசு பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்டு 28இல் உச்சநீதிமன்றம், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்றல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அந்நெறி தொழிலாளர் உடலுக்கும் பொருந்துமன்றோ? காற்றோட்டமும் கையுறையும் நல்லுணவுச்சாலையும் தருதல் தொழில் நடத்துவோர் கடமை. அக்கடமையின் செலவைத் தொழிலாளி தன் கூலியிலிருந்து புட்டி வாங்கி ஈடுசெய்தல் முறையன்று.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென ஆராய்ந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்து, பின்னரே தீர்க்கும் வழியை நாடுமாறு பணித்துள்ளார். தொழிற்பெயரை மட்டும் நோக்கி மருந்து தருவார் அம்முறையின் முதற்படியிலேயே வழுவுகின்றனர். மாணவ நண்பர்காள்! நம்முட் பலர் இல்லங்களில் இத்தகைய புட்டி ஒன்று இருத்தல் கூடும். இவ்விடுமுறையில் அதன் மேற்சீட்டைப் படித்துப் பெற்றோர்க்குப் பொருள் கூறுவோமாக. யாம் அதனை நான்கு மாதம் தாழ்த்துச் செய்தோம். நீவிர் தாழாது செய்வீராக.