ரத்தப் புற்றுநோயா? கண்ணையும் கவனியுங்கள்

ரத்தப் புற்றுநோயில் தட்டணுக்கள் குறைந்தால் விழித்திரையில் ரத்தம் கசியலாம். வலி தெரியாது என்பதால் நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

• தினமும் காலையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நாள்காட்டித் தேதியைப் படியுங்கள், பிறகு மறுகண். எழுத்து மங்கினாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

• நம் கயத்தாறு பக்கத்துக் காற்றில் கரிசல் புழுதி கண்ணில் விழுந்தால் கசக்காதீர்கள்; காய்ச்சி ஆறிய நீரால் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடவே வேண்டாம்.

• ஸ்டீராய்டு மாத்திரை நீண்டநாள் சாப்பிட்டால் கண்புரை, கண்நீர் அழுத்த நோய் வரலாம்; கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

• திருநெல்வேலிக்குக் கண் காட்டப் போகும்போது கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டு கையில் இருக்கட்டும். அங்கே கண்பாவை விரியச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். பைக் ஓட்டாமல், துணையோடு பஸ்ஸில் திரும்புங்கள்.