விறகின் விலையும் வெப்பத்தின் விலையும்

வெயிலில் வளர்ந்த நம்மவர் வடபுலத்துக்கு வந்த முதல் மார்கழியிலேயே ஓர் உண்மையை உணர்ந்து விடுகின்றனர்: குளிர்நாட்டில் நெருப்பும் உணவைப் போன்றதொரு தேவையே. எதைக் கொண்டு வீட்டைச் சூடேற்றினால் செலவு குறையும்? விறகே மலிவு என்பர் சிலர். கதிரவன் இருக்க விறகு எதற்கு என்பர் வேறு சிலர். கணக்கிட்டுப் பார்ப்போம்.

விறகின் விலையைக் கிலோக் கணக்கில் கேட்கிறோம். ஆனால் நமக்கு வேண்டுவது விறகன்று; வெப்பம். ஆகவே, அறைக்குள் வந்து சேரும் ஒரு யூனிட் வெப்பத்துக்கு என்ன விலை என்று கேட்பதே முறை. மின்கட்டணச் சீட்டில் காணும் அதே யூனிட்டையே இங்கும் அளவாகக் கொள்வோம்.

நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 4 யூனிட் வெப்பம் பிறக்கும். பச்சை விறகின் எடையில் பாதி நீராகவே இருக்கக்கூடும். அந்த நீரை ஆவியாக்கவும் வெப்பம் செலவாகும். எஞ்சுவது 2 யூனிட்டுக்குச் சற்று மேல். பச்சை விறகை நிறுத்து வாங்குபவர் பாதிக் காசுக்குத் தண்ணீரை அன்றோ வாங்குகிறார்!

அடுத்தது அடுப்பு. திறந்த கணப்பில் பெரும்பகுதி வெப்பம் புகையோடு மேலே போய்விடும். அறைக்குக் கிடைப்பது நூற்றுக்கு 15 அளவே. புகைபோக்கியுடன் செம்மையாக அமைந்த மூடிய இரும்படுப்பு நூற்றுக்கு 60 தரும். காசுமீரத்துப் புகாரி மூடிய அடுப்பு வகையைச் சேர்ந்தது.

உலர்ந்த விறகு கிலோ 10 ரூபாய், மின்சாரம் யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். திறந்த கணப்பில் ஒரு யூனிட் வெப்பம் ஏறத்தாழ 17 ரூபாய் ஆகிறது. மூடிய அடுப்பில் 4 ரூபாய்க்குச் சற்று மேல். கம்பிச் சுருளைச் சூடாக்கும் மின்கணப்பில் 6 ரூபாய். வெப்பப் பம்பு என்னும் பொறி, குளிரூட்டியைத் திருப்பி வைத்தாற்போல, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தருவது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் வெப்பம் தருமாயின், செலவு 2 ரூபாய்தான். ஆனால் வெளியே குளிர் மிக மிக இப்பயன் குறையும். இமாசலத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி ஆற்றுநீரால் பிறப்பது. அத்தகைய மின்சாரத்தில் இயங்கினால் பம்பும் புதுப்பிக்கத்தக்க வழியே.

அப்படியானால் பம்பே சிறந்ததா? முதலையும் எண்ண வேண்டும். அடுப்பு 10,000 ரூபாய், பம்பு 40,000 ரூபாய், ஒரு குளிர்காலத் தேவை 1,000 யூனிட் எனக் கொள்வோம். பம்பினால் ஆண்டுக்கு மிச்சமாவது 2,000 ரூபாய்க்குச் சற்று மேல். கூடுதல் முதலாகிய 30,000 திரும்ப ஏறத்தாழ 14 குளிர்காலம் ஆகும். திறந்த கணப்பை விட்டு மூடிய அடுப்புக்கு மாறியவரோ போட்ட முதலை ஒரே குளிர்காலத்தில் மீட்டுவிடுவார். கையில் பணமில்லாதவருக்கு முதற்படி புதுப்பொறியன்று. உலர்ந்த விறகும் நல்ல அடுப்புமே.

கதிரவன் வழி வேறு. லடாக்கில் மரம் அரிது, வெயில் மிகுதி. அங்கே தெற்கு நோக்கிய மண்சுவருக்குக் கருமை பூசி, முன்னே கண்ணாடி பொருத்துவர். பகலில் சுவர் உண்ட வெப்பத்தை இரவில் அறை பெறும். பே கிராமத்தருகே உள்ள செக்மோல் கல்வி நிலையக் கட்டடங்கள் கதிரவனாலேயே சூடேறுகின்றன. எரிபொருட்செலவு இல்லை, எனினும் வீடு கட்டும்போதே இதற்குத் திட்டமிட்டால்தான் செலவு குறையும். வாடகை வீட்டார்க்கு இவ்வழி எளிதன்று.

காட்டில் பொறுக்கிய விறகுக்கு விலை இல்லை என்பதும் பொருந்தாது. அதன் விலையை மலைப்பெண்களின் முதுகும் காலும் தருகின்றன. 1974இல் கர்வாலின் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் பிற பெண்களும் மரங்களைக் காத்து நின்றனர். காடு அழிந்தால் விறகுக்கு நடக்கும் தொலைவு கூடும் என்பதை அத்தகைய பெண்களைவிட அறிந்தவர் யார்? வெட்டிய அளவு மீண்டும் வளர்ந்தால்தான் விறகு புதுப்பிக்கத்தக்கது.

இன்னொரு விலையும் உண்டு. வாடகை அறைகளில் அங்கீட்டியில் கரி மூட்டிக் கதவடைத்து உறங்கும் வழக்கம் இங்கே உண்டு. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். நம் மாணவர் எவரும் அதனைச் செய்யலாகாது. இன்னும் ஒரு கம்பளி வாங்கும் செலவு எந்தக் கணக்கிலும் மலிவே.