இடது கைக்குப் புதுப் பாடம்

மெல்லிசைக் குழுவில் நெடுங்காலம் கீபோர்டு வாசித்தவர், டிஜிட்டல் பியானோவில் மேற்கத்திய செவ்வியல் இசைக்குத் திரும்ப முடியுமா?
– வாசகர், வடசேரி

தாராளமாக முடியும். மேடைக் கீபோர்டில் பெரும்பாலும் 61 கீகள், லேசானவை. பியானோவில் 88, விரலுக்கு எடை தெரியும். பேஸ் கிடாரை நம்பி கார்டு பிடித்தே பழகிய இடது கைதான் முதலில் திணறும். அதற்குக் கைகண்ட மருந்து பாக் எழுதிய 15 இரு குரல் இன்வென்ஷன்கள். சி மேஜரில் அமைந்த முதலாவதில், வலது கை தொடங்கியதை இடது கை ஒரு ஸ்தாயி கீழே அப்படியே திருப்பிச் சொல்கிறது. இரண்டு கைகளையும் தனித்தனியே, மெதுவாக, பெடல் தொடாமல் பழகிய பிறகே சேர்க்க வேண்டும். சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தான் பக்கமே போகக்கூடாது. மேடை அனுபவம் வீணாகாது: இசைக்குழுக்களில் கீபோர்டு வாசித்த ஏ.ஆர். ரஹ்மானும் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய செவ்வியல் இசை பயின்றவர்தான். டிரினிட்டி கல்லூரியின் இசை கிரேடு தேர்வுகளுக்கு வயது வரம்பும் கிடையாது.